தொட்டால் திறக்கும் பெட்டி: இணைய வரைபடத்தில் பாப்-அப் எப்படி இயங்குகிறது, எங்கே சறுக்குகிறது

சென்னைக்குக் குடிநீர் தரும் ஏரிகளை ஓர் இணைய வரைபடத்தில் காட்ட வேண்டும். பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம், கண்ணன்கோட்டை தேர்வாய்கண்டிகை ஆகிய ஐந்தும் நகரின் சுற்றுவட்டாரத்தில் இருப்பவை. ஆறாவதான வீராணம் தெற்கே கடலூர் மாவட்டத்தில் இருக்கிறது. புள்ளியைத் தொட்டதும் ஏரியின் பெயர், முழுக் கொள்ளளவு, நீர் இருப்பு, அது எந்தத் தேதிக் கணக்கு என்ற நான்கும் ஒரு சிறு பெட்டியில் திறக்க வேண்டும். இணைய வரைபடம் காட்டும் ஜாவாஸ்கிரிப்ட் நிரல் நூலகமான லீஃப்லெட்டில் இதற்கான கட்டளை ஒரே வரி. ஆனால் வேலை அந்த வரியோடு முடிவதில்லை. வரி சரியாக இருக்கும். பெட்டியிலோ வெறுமை இருக்கும், அல்லது கேள்விக்குறிகள் வரிசை கட்டும், அல்லது எந்த ஏரியைத் தொட்டாலும் வீராணத்தின் விவரமே வந்து நிற்கும்.

பாப்-அப் திறக்கும் நொடியில் தன் கைக்கு எது வந்து சேர்ந்திருக்கிறதோ அதை வைத்து ஒரே ஒரு தடவை அளவெடுத்துக்கொண்டு நின்றுவிடும். தரவு கோணலாக வந்தால் கோணலாகவே காட்டும். படமோ எழுத்துருவோ பிந்தி வந்தால் அதற்குத் தெரியவே தெரியாது. கோளாறுகளில் பெரும்பங்கு இந்த இரண்டு இடங்களில்தான்: உள்ளே போகும் சரக்கு, அது போய்ச் சேரும் நேரம்.

சொடுக்கு யார் கையில் விழுகிறது

வரைபடத்தின் அடித்தளம் பெரும்பாலும் 256 பிக்சல் சதுரப் படத்துண்டுகள். அவற்றில் ஏரி நீலமாகத் தெரிந்தாலும் உலாவியைப் பொறுத்தவரை அது வெறும் படம். தொட்டால் எதுவும் ஆகாது. அதன்மேல் நாம் வைக்கும் அடுக்குதான் சொடுக்கை வாங்குகிறது.

உக்ரைனைச் சேர்ந்த வொலோதிமிர் அகஃபோன்கின் 2011-இல் வெளியிட்ட லீஃப்லெட்டில் குறிமுள் (மார்க்கர்) என்பது பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் ஒரு படக்கூறு. ஏரியின் எல்லைக்கோடு என்பது எஸ்விஜி வடிவம். இரண்டும் பக்கத்தின் உறுப்புகளே என்பதால் எதன்மேல் விரல் பட்டது என்பதை உலாவியே சொல்லிவிடும். புள்ளிகள் ஆயிரக்கணக்கில் போனால் இந்த முறை திணறும். அப்போது எல்லாவற்றையும் ஒரே கேன்வாஸில் தீட்டும் முறைக்கு மாற வேண்டும். அங்கே உலாவிக்குத் தெரிவது ஒரே ஒரு பலகைதான். எந்தப் புள்ளி தொடப்பட்டது என்பதை நூலகமே கணக்குப் போட்டுக் கண்டுபிடிக்கிறது. விரல் சற்று விலகினாலும் ஏற்றுக்கொள்ள எத்தனை பிக்சல் சலுகை என்று ‘டாலரன்ஸ்’ என்ற அமைப்பில் சொல்லலாம். கைபேசியில் இதைக் கூட்டி வைப்பது நல்லது.

மூன்றாவது வகை, வழங்கியிலிருந்து (சர்வர்) முழுப் படமாக வரும் டபிள்யூஎம்எஸ் அடுக்கு. இஸ்ரோவின் புவன் தளம் தரும் பல அடுக்குகள் இப்படிப்பட்டவை. இதில் உருவங்களே உலாவிக்கு வருவதில்லை. படத்தின் எல்லை, அகல உயரம், விரல் பட்ட பிக்சல் ஆகியவற்றை வழங்கிக்கு அனுப்பி “இங்கே என்ன இருக்கிறது” என்று கேட்க வேண்டும். பதில் வந்தபின் பெட்டியைத் திறக்க வேண்டும். இந்தக் கேள்வியின் 1.1.1 பதிப்பில் பிக்சலுக்கு எக்ஸ், ஒய் என்று பெயர், 1.3.0 பதிப்பில் ஐ, ஜே. பதிப்பை மாற்றிவிட்டுப் பெயரை மாற்றாமல் விட்டால் பதில் வராது.

எந்த வகை அடுக்கு என்பதை முதலில் உறுதி செய்துகொள்ளாமல் பாப்-அப் நிரலைத் தேடி ஒட்டினால், வேறொரு வகைக்கு எழுதிய நிரலோடு மல்லுக்கட்ட வேண்டியதுதான்.

ஆறு ஏரிகள், ஒரு கோப்பு

பக்கத்தில் லீஃப்லெட்டின் இரண்டு கோப்புகளும் வேண்டும்: ஸ்கிரிப்ட், தோற்ற விதிகள் அடங்கிய சிஎஸ்எஸ். சிஎஸ்எஸ் விட்டுப்போனால் படத்துண்டுகள் கலைந்து கிடக்கும், பெட்டி எங்கோ போய் விழும். வரைபடம் இருக்கும் கட்டத்துக்கு உயரம் கொடுக்காவிட்டால் அது பூஜ்ய உயரத்தில் இருக்கும். பக்கம் வெள்ளையாகத் தெரியும், பிழைச் செய்தியும் வராது. ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் படத்துண்டுகளைப் பயன்படுத்தினால் மூலையில் அதன் பங்களிப்பாளர்களுக்கான குறிப்பு கட்டாயம்.

அடுத்தது தரவு. ஏரிகளை ஜியோஜேசன் கோப்பாக வைப்பதே வசதி. ஒவ்வொரு ஏரியும் ஓர் உருப்படி. அதில் இடத்தைச் சொல்லும் பகுதி ஒன்று, பண்புகளைச் சொல்லும் பகுதி ஒன்று. பாப்-அப்பில் வருவதெல்லாம் இந்தப் பண்புகளிலிருந்துதான். முழுக் கொள்ளளவு மில்லியன் கன அடியில்: பூண்டி 3,231, சோழவரம் 1,081, புழல் 3,300, தேர்வாய்கண்டிகை 500, செம்பரம்பாக்கம் 3,645, வீராணம் 1,465. கூட்டினால் 13,222, அதாவது 13.222 டிஎம்சி. இந்தக் கூட்டுத்தொகையைக் கோப்பிலிருந்து ஒரு தடவை நிரலாலேயே போட்டுப் பார்ப்பது நல்ல சோதனை. 13,222 வராவிட்டால் ஏதோ ஓர் ஏரியின் எண், எண்ணாக இல்லாமல் எழுத்தாக ஏறியிருக்கிறது. காற்புள்ளியோடு “3,645” என்று கோப்பில் எழுதினால் அது எழுத்துத்தான். கோப்பில் 3645 என்றே வைத்து, காட்டும்போது மட்டும் காற்புள்ளி சேர்க்க வேண்டும். ஜாவாஸ்கிரிப்டின் வட்டார வடிவமைப்பில் இந்தியத் தமிழைத் தேர்ந்தால் லட்சத்துக்கு நம் வழக்கப்படி 1,00,000 என்று பிரித்துத் தரும்.

இடத்தைச் சொல்லும் வரிசையில் எல்லோரும் ஒரு தடவையாவது மாட்டுகிறார்கள். ஜியோஜேசன் தரம், 2016-இல் வந்த ஆர்எஃப்சி 7946, தீர்க்கரேகையை முதலில் எழுதச் சொல்கிறது. லீஃப்லெட்டோ நேரடியாக இடம் சொல்லும் கட்டளைகளில் அட்சரேகையை முதலில் கேட்கிறது. செம்பரம்பாக்கம் ஏறக்குறைய 13.01 வடக்கு, 80.06 கிழக்கு. கோப்பில் வரிசையை மாற்றி எழுதினால் ஏரி ஸ்வால்பார்டு தீவுக்கூட்டத்தின் வடகோடியை ஒட்டிய ஆர்க்டிக் கடலில் போய் உட்காரும். பாப்-அப் அங்கேயும் ஒழுங்காகத்தான் திறக்கும். பார்க்க ஆள் இருக்காது. “குறி வரவில்லை” என்று தோன்றினால், வரைபடத்தை முழு உலகமும் தெரியும்வரை சுருக்கிப் பாருங்கள். வடதுருவத்தருகே கிடந்தால் வரிசை மாறியிருக்கிறது. ஆப்பிரிக்காவுக்கு மேற்கே கினி வளைகுடாவில் கிடந்தால் இரண்டு எண்ணும் 0. எங்குமே இல்லையென்றால் எண்கள் லட்சங்களில் இருக்கக்கூடும். கோப்பு யூடிஎம் 44 மண்டலத்தில், மீட்டர் கணக்கில் ஏற்றுமதி ஆகியிருக்கிறது. க்யூஜிஐஎஸ் என்ற வரைபட மென்பொருளில் மறுபடி ஏற்றுமதி செய்யும்போது பாகைக் கணக்கிலான டபிள்யூஜிஎஸ் 84 அமைப்பைத் தேர்ந்தால் சரியாகும்.

பிறகு கட்டளை. ஜியோஜேசனை ஏற்றும்போது ஒவ்வோர் உருப்படிக்கும் ஒரு தடவை ஓடும் செயற்கூறு (ஃபங்ஷன்) ஒன்றை லீஃப்லெட் கேட்கும். அதற்குள் அந்த அடுக்கைப் பார்த்து ‘பைண்ட்பாப்அப்’ என்று சொன்னால் போதும். இதை விட்டுவிட்டுச் சாதாரணச் சுற்றில், பழைய ‘வார்’ மாறியை வைத்து எழுதி, உள்ளடக்கத்தைச் சொடுக்கும்போது எடுக்கும்படி வைத்தால்தான் எல்லாப் பெட்டியிலும் கடைசி ஏரி வரும். சுற்று ஓடி முடிந்தபின் அந்த மாறி கடைசி எண்ணில் நிற்கிறது. சொடுக்கு வருவது அதற்கு வெகுநேரம் கழித்து. ‘லெட்’ என்று மாற்றினாலே தீர்ந்துவிடும்.

தமிழ்த் தரவு சிதையும் இடங்கள்

தமிழ்ப் பெயர்களோடு வேலை செய்பவர்களுக்கென்றே சில பள்ளங்கள் உண்டு. முதலாவது எக்செல். சாதாரண சிஎஸ்வி என்று சேமித்தால் தமிழ் எழுத்தெல்லாம் கேள்விக்குறியாகிவிடும். அது காட்சிக் கோளாறு அல்ல. எழுத்து கோப்பிலிருந்தே போய்விட்டது, திரும்ப எடுக்க முடியாது. சேமிக்கும் பட்டியலில் யூடிஎஃப்-8 என்று குறிப்பிட்ட சிஎஸ்வியைத் தேர்ந்தாக வேண்டும். தேதியையும் கவனியுங்கள்: கணினியின் வட்டார அமைப்பைப் பொறுத்து 05/06 என்பது ஜூன் 5 ஆகவும் மே 6 ஆகவும் மாறும். ஆண்டு, மாதம், நாள் என்ற வரிசையில் எழுதினால் குழப்பம் இல்லை.

இரண்டாவது ஷேப்ஃபைல் என்ற பழைய வரைபடக் கோப்பு வடிவம். இன்னமும் பல அலுவலகங்களில் தரவு இந்த வடிவில்தான் கைமாறுகிறது. இதன் பண்புகள் டிபிஎஃப் என்ற மிகப் பழைய அட்டவணையில் இருக்கின்றன. அதில் புலப்பெயர் 10 பைட்டுக்கு மேல் போகாது. எழுத்துப் புலம் 254 பைட். யூடிஎஃப்-8-இல் தமிழின் ஒவ்வொரு குறியீட்டுக்கும் 3 பைட். ‘செம்பரம்பாக்கம்’ என்று எழுத 15 குறியீடுகள், 45 பைட். 254 பைட்டில் ஏறத்தாழ 84 குறியீடுதான் அடங்கும். ஏரியைப் பற்றி இரண்டு வாக்கியம் எழுதினால் இரண்டாவது வாக்கியம் நடுவில் அறுந்து நிற்கும். ‘கொள்ளளவு’ என்று புலத்துக்குப் பெயரிட்டால் ‘கொள’ என்பதோடு வெட்டிவிடும். அதனால் புலப்பெயர்களை ஆங்கில எழுத்தில் இடைவெளியின்றிச் சுருக்கமாக வைத்துக்கொண்டு, தமிழ்த் தலைப்பைப் பாப்-அப் வார்ப்புருவில் எழுதுவதே நடைமுறை. முடிந்தால் ஷேப்ஃபைலை விட்டு ஜியோபேக்கேஜுக்கு வந்துவிடுவது அதைவிட நல்லது.

மூன்றாவது, பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் தட்டிய தரவு. எழுத்துரு இருக்கும் கணினியில் தமிழாகத் தெரியும். பாப்-அப்பில் ஆங்கில எழுத்துக் குப்பையாக வரும். பாப்-அப்புக்கும் அதே எழுத்துருவைக் கொடுத்துச் சமாளிப்பவர்கள் உண்டு. அதில் தேடலும் நகலெடுப்பும் பாழ். ஒருங்குறிக்கு மாற்றிவிட்டுத்தான் வரைபடத்தில் ஏற்ற வேண்டும்.

இல்லாத மதிப்புகளையும் பார்க்க வேண்டும். ஓர் ஏரிக்கு இருப்பு விவரம் வராவிட்டால் பெட்டியில் ‘நல்’ என்றோ ‘அன்டிஃபைன்ட்’ என்றோ ஆங்கிலத்தில் வந்து நிற்கும். “மதிப்பு இருந்தால் மட்டும் காட்டு” என்று நிபந்தனை போடுவது வழக்கமான தீர்வு. இங்கேதான் மோசமான பொறி இருக்கிறது: ஜாவாஸ்கிரிப்டுக்கு 0 என்பதும் ‘இல்லை’தான். சென்னை ஏரிகள் கிட்டத்தட்ட வறண்டுபோன 2019 கோடை போன்ற நேரத்தில் ‘இருப்பு 0’ என்பதே செய்தி. அந்த நிபந்தனை அதைத்தான் மறைத்துவிடும். மதிப்பை ‘நல்’, ‘அன்டிஃபைன்ட்’ இரண்டோடும் நேராக ஒப்பிட்டுச் சோதிக்க வேண்டும். மதிப்பு இல்லாத இடத்தில் வரியை நீக்குவதைவிட ‘விவரம் வரவில்லை’ என்று எழுதுவது நேர்மை.

பெட்டிக்குள் என்ன எழுதுவது

தரவுக் கோப்பில் இருக்கும் இருபது புலத்தையும் அட்டவணையாகக் கொட்டுவதுதான் பரவலாகக் காணும் பழக்கம். பார்ப்பவர் தொட்டது ஒரு கேள்வியோடு: இந்த ஏரியில் இப்போது எவ்வளவு தண்ணீர்? பெயர் தலைப்பாக, அதன் கீழ் இருப்பும் கொள்ளளவும் ஒரே வரியில், அதற்குக் கீழ் சதவீதம், கடைசியில் தேதி. இவ்வளவு போதும். செம்பரம்பாக்கத்தில் 2,187 மில்லியன் கன அடி இருந்தால் அது 3,645-இல் 60 சதவீதம். இந்தக் கணக்கை நிரல் செய்யட்டும், கோப்பில் தனிப் புலமாக வைத்தால் இருப்பை மாற்றும் நாளில் சதவீதம் பழையதாகவே தங்கிவிடும்.

நீர்மட்டத்தையும் நீர் இருப்பையும் குழப்பிக்கொள்ளவும் கூடாது. செம்பரம்பாக்கத்தின் முழு நீர்மட்டம் 24 அடி. மட்டம் 12 அடி என்றால் ஏரி பாதி நிரம்பியதாகப் பொருள் இல்லை. ஏரி அடியில் குறுகி மேலே விரிவதால் கீழ் 12 அடிக்குள் இருக்கும் தண்ணீர் பாதிக்கும் குறைவு. மட்டத்திலிருந்து சதவீதம் போட்டுப் பாப்-அப்பில் காட்டினால் ஏரி உண்மையைவிட நிரம்பியதாகத் தெரியும். தேதி இல்லாத எண் இதைவிட ஆபத்தானது: வரைபடப் பக்கங்கள் வருடக்கணக்கில் இணையத்தில் கிடக்கும், பெட்டி மட்டும் எப்போதும் இன்றையது போலவே பளிச்சென்று திறக்கும்.

பெட்டிக்குள் போடும் சரத்தை (எழுத்துத் தொடரை) லீஃப்லெட் எச்டிஎம்எல் ஆகவே எடுத்துக்கொள்கிறது. நம் கையால் எழுதிய ஆறு ஏரிக்கு இதில் பயமில்லை. பொதுமக்கள் நிரப்பும் படிவத்திலிருந்து “ஏரி பற்றிய புகார்” வருகிறது என்றால், அதற்குள் யாராவது ஸ்கிரிப்ட் துணுக்கை வைத்தால் அது பார்ப்பவரின் உலாவியில் ஓடும். வெளியாள் எழுதிய எதையும் சரமாக ஒட்டாமல், ஒரு பக்கக் கூறை (எலிமென்ட்) உருவாக்கி அதன் உரையாக மட்டும் வைத்து, அந்தக் கூறைப் பாப்-அப்புக்குக் கொடுக்க வேண்டும். லீஃப்லெட் சரத்தையும் ஏற்கும், கூறையும் ஏற்கும், திறக்கும்போது ஓடி உள்ளடக்கம் தரும் செயற்கூறையும் ஏற்கும்.

ஒரு தடவை மட்டுமே எடுக்கும் அளவு

லீஃப்லெட் பெட்டியின் அகலத்தைத் தீர்மானிக்கும் விதம் தெரிந்தால் பாதிக் குழப்பம் தீரும். திறக்கும்போது உள்ளடக்கத்தை வரி மடியாமல் ஒரே வரியாக நீட்டி அகலம் பார்க்கிறது. அது 300 பிக்சலைத் தாண்டினால் 300-இல் நிறுத்துகிறது. 50-க்குக் குறைந்தால் 50 ஆக்குகிறது. அந்த அகலத்தை எழுதி வைத்துவிட்டு, பெட்டி முழுவதும் கண்ணுக்குத் தெரியும்படி வரைபடத்தைச் சற்று நகர்த்துகிறது. அவ்வளவுதான், பிறகு உள்ளே நடக்கும் மாற்றங்களை அது கண்டுகொள்வதில்லை.

இப்போது ஏரியின் புகைப்படம் ஒன்றைச் சேர்க்கிறோம். திறக்கும் நொடியில் படம் இன்னும் இறங்கவில்லை. அதன் உயரம் 0. அந்த அளவுக்கு வரைபடம் நகர்ந்து நிற்கிறது. அரை நொடி கழித்துப் படம் வந்ததும் பெட்டி மேல்நோக்கி வளர்ந்து, தலைப்பு வரைபட விளிம்புக்கு வெளியே போய்விடும். இரண்டாம் தடவை திறந்தால் படம் ஏற்கெனவே இருப்பதால் எல்லாம் சரியாக இருக்கும். உருவாக்கியவர் கணினியில் இந்தக் கோளாறு பெரும்பாலும் தென்படாததற்கு இதுவே காரணம். படத்துக்கு அகலம், உயரம் இரண்டையும் எண்ணாக எழுதிவிட்டால் இடம் முன்கூட்டியே ஒதுக்கப்படும். அளவு தெரியாத படங்களானால், படம் இறங்கிய நிகழ்வில் பாப்-அப்பின் ‘அப்டேட்’ கட்டளையை அழைக்க வேண்டும்.

தமிழ் வலையெழுத்துருவும் இதே வேலையைச் செய்யும். லீஃப்லெட்டின் சொந்த பாணியில் எழுத்துரு ஹெல்வெட்டிகா, ஏரியல் வரிசை. அவற்றில் தமிழ் இல்லை என்பதால் விண்டோஸில் நிர்மலா, ஆண்ட்ராய்டில் நோட்டோ என்று கணினியில் இருப்பதை உலாவி எடுத்துக்கொள்ளும். நாம் தனி எழுத்துரு கொடுத்து அது பிந்தி இறங்கினால், பழைய எழுத்துருவின் அகலத்துக்கு எடுத்த அளவில் புதிய எழுத்து அமரும். கடைசிச் சொல் அடுத்த வரிக்குத் தொங்கும். எழுத்துரு தயாரான பிறகு முதல் பெட்டியைத் திறப்பது எளிய வழி. வரி உயரம் 1.3 என்பது ஆங்கிலத்துக்குப் போதும். மேலே சுழியும் கீழே கொக்கியும் உள்ள தமிழுக்கு நெருக்கம். 1.5 அல்லது 1.6 வைத்தால் படிக்க முடியும். ‘கண்ணன்கோட்டைதேர்வாய்கண்டிகை’ என்று யாராவது சேர்த்தெழுதினால் குறுகிய பெட்டியை விட்டு வெளியே நீளும் என்பதால், நீண்ட சொல்லை எங்கும் மடிக்கலாம் என்ற சிஎஸ்எஸ் விதியையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

கைபேசியில் இன்னொரு கணக்கு. 300 என்பது உள்ளடக்கத்துக்கு மட்டும். இடப்புறம் 20, வலப்புறம் 24 பிக்சல் விளிம்பு சேர்ந்தால் பெட்டி குறைந்தது 344 பிக்சல் வரும். 360 பிக்சல் திரையில் அது மயிரிழையில் அடங்கும். பக்கத்துக்கே இரு பக்கமும் 16 பிக்சல் விளிம்பு இருந்தால் வரைபடம் 328 தான். மூடும் பொத்தான் வெட்டுப்பட்டு மறைந்துவிடும். உச்ச அகலத்தை நிலையான எண்ணாக வைக்காமல் வரைபட அகலத்தில் 60 குறைத்து, 300-உடன் ஒப்பிட்டு எது சிறியதோ அதை வைக்கலாம். உள்ளடக்கம் நீளமானால் உச்ச உயரமும் வைக்க வேண்டும். அப்போது பெட்டிக்குள்ளேயே உருட்டிப் படிக்கலாம். அதற்கும் மேல் நீளுமானால் பாப்-அப் அந்த வேலைக்கு ஏற்ற கருவி அல்ல. திரையின் அடியிலிருந்து எழும் பலகையில் காட்டுவதே சரி.

பெட்டி பெரிதாக்கும் பொத்தான்களுக்கு அடியில் போய் மாட்டிக்கொள்வதும் அடிக்கடி நடக்கும். எது எதன்மேல் தெரியும் என்று சொல்லும் வரிசை எண் பாப்-அப் அடுக்குக்கு 700, குறிமுள் அடுக்குக்கு 600. ஆனால் பொத்தான்கள் இவை எல்லாவற்றுக்கும் வெளியே, இன்னும் மேலே இருக்கின்றன. அந்த எண்ணை மாற்றி இதைத் தீர்க்கப் பார்ப்பது வீண். தானே நகரும்போது மேல்-இடது மூலையில் எத்தனை பிக்சல் விட்டு நகர வேண்டும் என்று சொல்லும் அமைப்பு இருக்கிறது. 60-க்கு 20 கொடுத்தால் போதும். வரைபடத்துக்கு எல்லைக் கட்டுப்பாடு போட்டிருந்தால் ஓரத்து ஏரியில் வேறு சிக்கல்: பெட்டிக்காக வரைபடம் நகரும், எல்லை விதி அதைத் திரும்ப இழுக்கும், பெட்டி பாதி வெட்டுப்பட்டு நிற்கும். எல்லையைத் தாராளமாக விடுவதைத் தவிர வழியில்லை.

சொந்தக் குறிப்படம் வைத்தால் அதன் நங்கூரப் புள்ளியையும் சொல்ல வேண்டும். லீஃப்லெட்டின் நீலக் குறிமுள் 25-க்கு 41 பிக்சல். அதன் முனை 12, 41-இல் இருப்பதாகவும், பெட்டி முனையிலிருந்து 34 பிக்சல் மேலே திறக்க வேண்டும் என்றும் முன்பே எழுதியிருக்கிறது. நம் படத்துக்கு இதைச் சொல்லாவிட்டால் படத்தின் நடுவை இடத்தின்மேல் வைக்கும். பெட்டி குறியை மூடிக்கொண்டு திறக்கும். சுருக்கி விரித்தால் முனை இடம் பெயர்வது போலத் தோன்றும்.

தொட்டபின் தரவு கேட்டு வாங்குவது

ஆறு ஏரிக்கு எல்லா விவரத்தையும் முதலிலேயே ஏற்றிவிடலாம். தொடும்தோறும் வழங்கியைக் கேட்பது வீண் அலைச்சல். பல்லாயிரம் கிணறுகள் என்றால்தான் அந்த முறை வேண்டும். அப்போது பெட்டி ‘விவரம் வருகிறது…’ என்று திறந்து, பதில் வந்ததும் உள்ளடக்கத்தை மாற்ற வேண்டும். மாற்றும் கட்டளை அளவையும் மறுபடி எடுத்துக்கொள்ளும் என்பதால் இங்கே தனியாகப் புதுப்பிக்க வேண்டியதில்லை. எல்லாப் புள்ளிக்கும் ஒரே பெட்டியைப் பகிர்ந்தால் ஒரு விபத்து காத்திருக்கிறது: புழலைத் தொட்டு, பதில் வருமுன் பூண்டியைத் தொடுகிறார், பூண்டியின் பதில் முந்தி வந்து, புழலின் பதில் பிந்தி வந்தால், பூண்டிப் பெட்டியில் புழலின் எண் உட்காரும். பிழை என்று யாருக்கும் தெரியாது. பதில் வந்ததும் “இப்போது திறந்திருப்பது நான் கேட்ட புள்ளிதானா” என்று அடையாள எண்ணை ஒப்பிட்டபின் எழுத வேண்டும்.

பெட்டிக்குள் வைத்த பொத்தான் வேலை செய்யவில்லை என்பதும் நேரக் கணக்கின் கோளாறுதான். சரமாகக் கொடுத்த உள்ளடக்கம், பெட்டி திறக்கும்வரை பக்கத்தில் இல்லவே இல்லை. பக்கம் ஏறும்போதே பொத்தானைத் தேடினால் எதுவும் கிடைக்காது. பெட்டி திறந்த நிகழ்வில் தேடிப் பிடித்து இணைக்க வேண்டும்.

ஒன்றன்மேல் ஒன்று

ஏரியின் எல்லைக்கோடும், அதன் நீர்ப்பிடிப்புப் பகுதியும், மேலே குறிமுள்ளும் இருந்தால் சொடுக்கு மேலே இருப்பதற்கே போகும். நீர்ப்பிடிப்புப் பகுதி கடைசியாக ஏறியிருந்தால் அது ஏரியை மூடி, எல்லாச் சொடுக்கையும் விழுங்கிவிடும். பெரியதை முதலில், சிறியதைப் பிறகு ஏற்ற வேண்டும். பாப்-அப் தேவையில்லாத அடுக்கின் தொடு உணர்வை அணைத்துவிடலாம். நிரப்பு நிறம் வேண்டாம் என்று அணைத்தால் நடுவில் தொடுவது பலிக்காது, கோட்டின்மேல் தொட்டால்தான் திறக்கும். நிரப்பை வைத்துக்கொண்டு அதன் அடர்த்தியை 0 ஆக்கினால் கண்ணுக்குத் தெரியாது, விரலுக்குத் தெரியும். கால்வாய் போன்ற மெல்லிய கோட்டுக்கும் இதே உபாயம்: அதே பாதையில் 15 முதல் 20 பிக்சல் தடிமனில் புலப்படாத கோடு ஒன்றைப் போட்டு, பாப்-அப்பை அதோடு கட்டுங்கள்.

ஒரே இடத்தில் பல புள்ளிகள் குவிந்தால் மார்க்கர்கிளஸ்டர் என்ற செருகு நிரல் அவற்றைத் திரட்டி எண்ணாகக் காட்டும். மிகக் கிட்டப் போனதும் சிலந்திக்கால் போல விரித்துவிடும். பக்கவாட்டுப் பட்டியலிலிருந்து ஏரியைத் தேர்ந்து பாப்-அப்பைத் திறக்கும் வசதி வைத்திருந்தால், திரளுக்குள் ஒளிந்திருக்கும் குறியை முதலில் வெளிக்கொணரும் கட்டளையை அழைத்த பிறகே திறக்க முடியும்.

லீஃப்லெட் அல்லாதவை

மேப்பாக்ஸ் நிறுவனம் தன் வரைபட நூலகத்தின் உரிமத்தை 2020 இறுதியில் மாற்றியதும் பிரிந்து வந்தது மேப்லிப்ரே. இது திசையன் தரவை வரைகலைச் சில்லு மூலம் தீட்டுகிறது. பாப்-அப் முறை வேறு: அடுக்கின் பெயரைச் சொல்லி அதன்மேல் சொடுக்கு விழுந்தால் என்ன செய்வதென்று எழுத வேண்டும், தீர்க்கரேகை முதலில், உச்ச அகலம் 240 பிக்சல். பண்புக்குள் பட்டியலோ உள்ளடுக்குப் பொருளோ வைத்திருந்தால் அது சரமாக மாறி வரும், பிரித்தெடுக்க வேண்டும். சுட்டி குறியின் மேல் போனால் கை வடிவம் ஆவதையும் நாமே எழுத வேண்டும். எழுதாவிட்டால் தொடலாம் என்றே யாருக்கும் தோன்றாது. தமிழுக்கு இதில் ஒரு வேடிக்கை உண்டு. வரைபடத்தின்மேல் தீட்டும் ஊர்ப் பெயர்களில் கொம்பும் காலும் இடம் மாறிச் சிதைவது இவ்வகை நூலகங்களில் நெடுநாளாக இருக்கும் குறை. பாப்-அப் சாதாரண எச்டிஎம்எல் என்பதால் அங்கே உலாவி தமிழை ஒழுங்காகக் கோத்துக் கொடுக்கும். பெயரைப் படத்தில் எழுதாமல் பெட்டியில் மட்டும் காட்டும் தமிழ் வரைபடங்கள் சிலவற்றுக்குப் பின்னால் இந்தக் காரணம் இருக்கும்.

நிரலே வேண்டாம் என்பவர்களுக்கு ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் அடிப்படையிலான யூமேப் போதும். வார்ப்புருவில் புலப்பெயரை நெளிவடைப்புக்குள் எழுதினால் அந்த இடத்தில் மதிப்பு வரும். இரட்டை நெளிவடைப்புக்குள் படத்தின் முகவரியை எழுதினால் படம் வரும். க்யூஜிஐஎஸ்ஸின் க்யூஜிஐஎஸ்2வெப் செருகு நிரல், ஒவ்வொரு புலத்தையும் தலைப்போடு காட்டவா, தலைப்பின்றிக் காட்டவா, மறைக்கவா என்று கேட்டு முழுப் பக்கத்தையே எழுதிக் கொடுக்கும்.

எதில் செய்தாலும் விசைப்பலகையை மட்டும் வைத்து ஒரு தடவை சோதிக்க வேண்டும். லீஃப்லெட்டின் குறிமுள்ளுக்குத் தாவல் விசை போகும், என்டர் தட்டினால் பெட்டி திறக்கும், எஸ்கேப் மூடும். எல்லைக்கோடுகளுக்கு அந்த வசதி இல்லை. பாப்-அப்பை ஏரியின் வடிவத்தோடு மட்டும் கட்டினால் சுட்டியைப் பயன்படுத்த முடியாதவருக்கு அந்த விவரம் கிடைக்காது. குறிமுள் ஒவ்வொன்றுக்கும் மாற்று உரையாக ஏரியின் பெயரை எழுதுங்கள். எழுதாவிட்டால் திரைபடிப்பான் ஆறு தடவையும் ‘மார்க்கர்’ என்றே வாசிக்கும். பாப்-அப்பில் உள்ள அதே விவரத்தை வரைபடத்துக்குக் கீழே சாதாரண அட்டவணையாகவும் போட்டுவிடலாம். அதே ஜியோஜேசன் கோப்பிலிருந்து நிரலே அதை உருவாக்கிவிடும். ஏரிக்கு ஒன்றாக ஆறு வரி, தலைப்பில் தேதி. அச்செடுக்கும்போது தாளில் எல்லா ஏரிக்கும் விவரம் வருவதும் அந்த அட்டவணையில் மட்டும்தான்.